குப்பைக்கூடையில் இரண்டு வாக்குச்சீட்டுகள்



ஒரு பள்ளி ஆசிரியரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. ஆகவே பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேச நினைத்தேன். ஆனால் நான் எடுத்துக்கொண்டிருப்பது பாடத்திட்டத்தையோ தேர்வு முறையையோ அல்ல, சில திரைப்படங்களை. அமெரிக்கத் திரைப்படத்தில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சிறு கிளை தழைத்து வருகிறது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் எப்படி மூட்டிவிடுகிறார்கள், ஏமாற்றுகிறார்கள், ஆட்டிவைக்கிறார்கள் என்பதைக் கசப்பும் சிரிப்புமாகச் சொல்லும் படங்கள் அவை. 'ஹெதர்ஸ்', 'எலெக்‌ஷன்', 'மீன் கேர்ள்ஸ்' ஆகிய மூன்றும் அவற்றில் தலையாயவை. விடலைப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று இவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படி ஒதுக்க மாட்டேன். பள்ளி என்ற நிறுவனத்தைப் பற்றி, அதிலும் அங்கே சம்பளம் வாங்கும் பெரியவர்களைப் பற்றி, இந்தப் படங்கள் காட்டுகிற உண்மையை இவ்வளவு துணிச்சலாகச் சொன்ன கல்வியியல் நூல்களை நான் அதிகம் படித்ததில்லை.

முதலில் களத்தைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் 1910இல் பதினெட்டு வயதை எட்டியவர்களில் உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 1940இல் அது பாதியாகிவிட்டது. ஒரே தலைமுறைக்குள் ஒரு வயதுப் பிள்ளைகளையெல்லாம் ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவந்து நான்கு ஆண்டுகள் வைத்திருக்கும் வழக்கம் வேரூன்றியது. வயல், தொழிற்சாலை, கடை என்று பெரியவர்களோடு கலந்து வாழ்ந்த பிள்ளைகள் நாள் முழுக்கத் தம் வயதினரோடு மட்டுமே புழங்கலானார்கள். அவர்களுக்கென்று மாணவர் மன்றம், அதற்குத் தேர்தல், விளையாட்டு அணி, அதற்கு ஆர்ப்பரிக்கும் சியர்லீடர்கள், ஆண்டு இறுதி நடன விழா, அதற்கு ராஜா, ராணி என்று ஓர் அரசாங்கமே அமைத்துக் கொடுத்தார்கள். அந்த அரசாங்கத்துக்கு அதிகாரம் மட்டும் எதுவும் இல்லை. ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் இல்லினாய் மாநிலத்தில் பத்துப் பள்ளிகளை ஆராய்ந்து 1961இல் 'தி அடோலசென்ட் சொசைட்டி' என்ற நூலை வெளியிட்டார். நன்றாகப் படிப்பதால் பிள்ளைகளிடையே வரும் மதிப்பைவிட விளையாட்டு வீரனுக்கும் எல்லோருக்கும் பிடித்த பெண்ணுக்கும் கிடைக்கும் மதிப்பு உயர்ந்தது என்று அவர் கண்டார். பள்ளி எதற்குக் கோப்பை கொடுக்கிறதோ, எதற்குக் கூட்டம் கூட்டிக் கை தட்டுகிறதோ, அதையே பிள்ளைகளும் மதிக்கிறார்கள் என்பதும் அந்த நூலிலிருந்து விளங்கும்.

இந்த இடத்தில் நம் கம்பனை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். மந்தரை சூழ்ச்சிப் படலத்தில் இராமனுக்கு முடிசூட்டப்போகும் செய்தியைக் கேட்டதும் கைகேயி முதலில் மகிழ்கிறாள். கூனிக்கு மாலையைப் பரிசாகத் தருகிறாள். கூனி அதை வீசி எறிந்துவிட்டுப் பேசத் தொடங்குகிறாள். அங்கே பணயமாக இருந்தது ஒரு நாடு. அமெரிக்கப் பள்ளிக்கூடக் கதைகளில் பணயம் ஒரு பிளாஸ்டிக் கிரீடம், சாப்பாட்டு மேசையில் ஓர் இடம், மாணவர் மன்றத் தலைவர் என்ற பெயர். இருந்தும் சூழ்ச்சியின் கொடுமை குறைவதில்லை. காக்க வேண்டிய செல்வமோ ஆள வேண்டிய நிலமோ இல்லாத இடத்தில் மனிதர்களின் மதிப்பு ஒன்றே செல்வமாகிவிடுகிறது. பிறர் மதிப்பைக் குறைத்துத்தான் அதைச் சேர்க்க முடியும் என்று பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள்.

எண்பதுகளின் நடுவில் இந்தப் பள்ளிக்கூடத்தைத் திரையில் கனிவோடு காட்டியவர் ஜான் ஹியூஸ். 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' 1984இல் வந்தது, 'தி பிரேக்ஃபஸ்ட் கிளப்' 1985இல். வெவ்வேறு கும்பலைச் சேர்ந்த பிள்ளைகள் ஒரு நாள் ஒரே அறையில் மனம்விட்டுப் பேசினால் சுவர்கள் இடிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு எதிராக எழுந்ததுதான் 'ஹெதர்ஸ்'. கதை எழுதியவர் டேனியல் வாட்டர்ஸ், இயக்கியவர் மைக்கேல் லேமன். அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது 1989 மார்ச் மாதம். செலவு சுமார் முப்பது லட்சம் டாலர். அமெரிக்காவில் வசூல் அதில் பாதிகூட இல்லை. பிறகு வீடியோ கேசட்டில்தான் அது தன் பார்வையாளர்களைக் கண்டுகொண்டது.

கதை ஒஹாயோ மாநிலத்தில் ஒரு கற்பனைப் பள்ளியில் நடக்கிறது. மூன்று பெண்கள், மூவருக்கும் ஹெதர் என்றே பெயர். அவர்கள் வைத்ததுதான் அங்கே சட்டம். நான்காமவளாக அவர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறாள் வெரோனிகா. வினோனா ரைடர் நடித்த பாத்திரம் அது. யார் கையெழுத்தையும் அப்படியே எழுதும் திறமை அவளுக்கு உண்டு. உடல் பருமனால் எல்லோரும் கேலி செய்யும் மார்த்தா என்ற பெண்ணுக்கு, கால்பந்து வீரன் ஒருவன் எழுதியது போல ஒரு காதல் கடிதத்தை வெரோனிகாவைக் கொண்டு எழுதவைக்கிறார்கள். அதை மார்த்தாவின் சாப்பாட்டுத் தட்டில் சொருகிவிடுகிறார்கள். அவள் நம்பிக்கையோடு எழுந்து அந்தப் பையனிடம் போகிறாள், உணவுக்கூடமே சிரிக்கிறது. பின்னால் படத்தில் நடக்கப்போகும் குற்றம் அத்தனைக்கும் விதை இந்தச் சின்னக் கடிதம். அதே கை, அதே திறமை, பிறகு இறந்தவர்களின் பெயரில் கடிதம் எழுதுகிறது.

ஜே.டி. என்ற புதிய மாணவன் வருகிறான். அவனும் வெரோனிகாவுமாகச் செய்யும் கொலைகள் தற்கொலைகளாக ஜோடிக்கப்படுகின்றன. இங்கேதான் படம் பெரியவர்கள் பக்கம் திரும்புகிறது. ஹெதர்களின் தலைவியாக இருந்த ஹெதர் முதலில் இறந்த பிறகு ஆசிரியர் அறையில் ஒரு கூட்டம். பேச்சு முழுவதும் எவ்வளவு நேரம் விடுமுறை விடுவது என்பதைப் பற்றி. இறந்தவள் சியர்லீடராக இருந்திருந்தால் அரைநாள் விடலாம் என்று கணக்குப் போடுகிறார் முதல்வர். ஃபிளெமிங் என்ற ஆசிரியை அந்தப் பொய்க் கடிதத்தை எல்லோரும் படித்து உருக வேண்டும் என்கிறார். பிறகு தொலைக்காட்சிக்காரர்களை வரவழைத்து, பிள்ளைகளைக் கைகோத்து நிற்கவைத்து, கண்ணீரைப் படம் பிடிக்கச் சொல்கிறார். உயிரோடிருந்தபோது எல்லோரையும் நடுங்கவைத்த ஹெதர் இறந்ததும் ஆழமான மனம் கொண்டவளாகிவிடுகிறாள். அந்தப் புகழைப் பார்த்து மார்த்தாவும் அதே வழியில் போகப் பார்க்கிறாள். உயிர் தப்பிவிடுகிறாள். அவளுக்கு மட்டும் அந்தப் புகழ் கிடைப்பதில்லை.

இந்தக் காட்சிகள் வெறும் கற்பனையில் பிறந்தவை அல்ல. 1987 மார்ச்சில் நியூஜெர்சியின் பெர்கன்ஃபீல்ட் என்ற ஊரில் நான்கு இளையோர் ஒரே இரவில் சேர்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள். நாடே அதிர்ந்தது. தொலைக்காட்சிகள் அந்த ஊரில் வந்து குவிந்தன. மறு ஆண்டு, 1988இல், அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் இப்படித் தொடராக நடக்கும் தற்கொலைகளைத் தடுக்கப் பரிந்துரைகள் வெளியிட்டது. இறந்தவர்களைப் போற்றிப் புகழாதீர்கள், செய்தியைப் பரபரப்பாக்காதீர்கள் என்பது அதில் முக்கியமானது. ஃபிளெமிங் ஆசிரியை செய்வது ஒவ்வொன்றும் அந்தப் பரிந்துரைக்கு நேர் எதிரானது. மருத்துவ அறிக்கை சொன்னதையே படம் சிரிப்பாகச் சொன்னது. சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அது உறைத்திருக்கும் என்று தெரியாது. எனக்கு உறைத்தது.

இன்னொரு காட்சியை நெருங்கிப் பார்க்கச் சொல்வேன். பிரபலமான ஒரு பாட்டுக் குழுவைப் பள்ளிக்கு அழைக்க வேண்டும் என்று ஒரு மனுவில் மாணவர்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். கேட்பவள் ஹெதர்களில் ஒருத்தி. அவள் கேட்டால் மறுப்பவர் இல்லை. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவரும் இல்லை. அந்தத் தாளை ஜே.டி. வைத்துக்கொள்கிறான். பள்ளியையே வெடிவைத்துத் தகர்த்த பிறகு, இது மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று காட்ட அந்தக் கையெழுத்துகள் போதும் என்பது அவன் திட்டம். கூட்டத்தோடு கூட்டமாகக் கையெழுத்துப் போடும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

டேனியல் வாட்டர்ஸ் முதலில் எழுதிய முடிவில் பள்ளி வெடித்துவிடும். பிறகு சொர்க்கத்தில் ஒரு நடன விழா. பூமியில் ஒருவரையொருவர் அண்டவிடாத கும்பல்கள் அங்கே ஒன்றாக ஆடும். தயாரிப்பு நிறுவனம் அதை ஏற்கவில்லை. இப்போது நாம் பார்க்கும் முடிவில் வெரோனிகா வெடியைத் தடுக்கிறாள். தலைமையின் அடையாளமாக ஹெதர்களிடையே கைமாறி வந்த சிவப்பு ரிப்பனைப் பறித்துக்கொண்டு, சக்கர நாற்காலியில் இருக்கும் மார்த்தாவைப் படம் பார்க்க வரும்படி அழைக்கிறாள். அழகான முடிவுதான், மறுக்கவில்லை. ஆனாலும் முதலில் எழுதியதில் இருந்த குற்றச்சாட்டு இதில் இல்லை. நல்ல பெண் ஒருத்தி தலைமைக்கு வந்துவிட்டால் போதும் என்கிறது இப்போதைய முடிவு. ஆளை மாற்றினால் போதாது, இடத்தையே மாற்ற வேண்டும் என்றது பழைய முடிவு.

பத்து ஆண்டுகள் கழித்து, 1999இல், இந்த வகைப் படங்கள் ஒரே மூச்சில் வந்தன. பிப்ரவரியில் 'ஜாபிரேக்கர்', மார்ச்சில் 'குரூயல் இன்டென்ஷன்ஸ்'. முதலாவது 'ஹெதர்ஸ்' படத்தின் நகல், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது, பிரெஞ்சு எழுத்தாளர் லாக்லோ 1782இல் எழுதிய நாவலை நியூயார்க்கின் செல்வந்தப் பிள்ளைகளுக்குப் பொருத்தியது. பிரபுக்கள் பொழுதுபோகாமல் ஆடிய காதல் சதுரங்கம் பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் வந்துவிட்டது என்ற யோசனை கூர்மையானது. படம் அந்தக் கூர்மையைக் கடைசிவரை தாங்கவில்லை.

அதே ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி கொலராடோவில் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் சக மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 23ஆம் தேதி, 'எலெக்‌ஷன்' திரைக்கு வந்தது. அந்தப் படத்தில் துப்பாக்கி இல்லை, கொலை இல்லை. ஒரு மாணவர் மன்றத் தேர்தல் மட்டும்தான். என் கணிப்பில் இந்த வகையில் அதற்கு இணையான படம் இன்னும் வரவில்லை.

டாம் பெரோட்டாவின் நாவலை அலெக்சாண்டர் பெய்னும் ஜிம் டெய்லரும் திரைக்கதையாக்கினார்கள். சிறந்த தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. நாவலின் களம் நியூஜெர்சி. பெய்ன் அதைத் தன் சொந்த ஊரான நெப்ராஸ்காவின் ஒமாஹாவுக்குக் கொண்டுபோனார். அந்தப் பகுதியில் உண்மையாகவே இயங்கும் ஒரு பள்ளியில் படம்பிடித்தார். டிரேசி ஃபிளிக் என்ற மாணவி மன்றத் தலைவர் தேர்தலில் தனியாக நிற்கிறாள். ரீஸ் விதர்ஸ்பூன் அந்தப் பெண்ணின் விறைத்த தாடையையும் இறுகிய புன்னகையையும் மறக்க முடியாதபடி செய்திருக்கிறார். வகுப்பில் கேள்வி கேட்டதும் அவள் கைதான் முதலில் மேலே போகும். குடிமையியல் ஆசிரியர் ஜிம் மெக்காலிஸ்டர் அந்தக் கையைப் பார்த்தும் பாராதது போல வேறு யாரையாவது தேடுவார். அவள் வென்றுவிடக் கூடாது என்று அவருக்கு ஏனோ ஒரு வெறி. கால் ஒடிந்து கிடக்கும் பால் என்ற விளையாட்டு வீரனை, வெள்ளை மனம் கொண்ட பிள்ளையை, எதிர்த்து நிற்கும்படி ஏற்றிவிடுகிறார். ஒரே பழம் மட்டும் இருந்தால் அது தேர்வே இல்லை என்று அவனுக்கு மக்களாட்சிப் பாடமும் நடத்துகிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சூழ்ச்சிக்காரி என்று படம் முழுக்கப் பேசப்படுபவள் டிரேசி. அவள் செய்த தவறு என்ன? ஒரு வார இறுதியில் ஆத்திரத்தில் எதிராளியின் சுவரொட்டிகளைக் கிழித்தாள், பிறகு மறைத்தாள். தவறுதான். ஆனால் கதையின் பெரும் சூழ்ச்சியெல்லாம் ஆசிரியருடையது. போட்டியாளரை உருவாக்கியவர் அவர். மனைவிக்குத் தெரியாமல் நண்பரின் முன்னாள் மனைவியோடு பழகுபவர் அவர். வாக்கு எண்ணும்போது டிரேசி ஒரே ஒரு வாக்கில் வென்றிருப்பது தெரிகிறது. அவளுக்கு விழுந்த இரண்டு வாக்குச்சீட்டுகளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடுபவரும் அவரே. அறநெறி பற்றி வகுப்பில் கேள்வி கேட்கும் அதே ஆசிரியர்தான் இதைச் செய்கிறார். சிறந்த ஆசிரியர் விருது வாங்கியவர். கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிள்ளைகளிடம் அன்பாகப் பேசுவார், பாடம் நன்றாக நடத்துவார். ஒரு நல்ல ஆசிரியர் இதைச் செய்கிறார் என்பதில்தான் படத்தின் கனம் இருக்கிறது.

பால் தனக்குத் தானே வாக்களிப்பது முறையல்ல என்று எண்ணி டிரேசிக்கு வாக்களிக்கிறான். வித்தியாசம் ஒரே வாக்கு என்பதால், அவன் தனக்குப் போட்டிருந்தால் முடிவே மாறியிருக்கும். அந்தக் கட்டடத்தில் எந்த உள்நோக்கமும் இல்லாமல் போடப்பட்ட வாக்கு ஒருவேளை அது ஒன்றாகத்தான் இருக்கும். அந்த நேர்மையான வாக்கு தந்த வெற்றியைத்தான் ஆசிரியர் குப்பையில் போடுகிறார்.

அந்தச் சீட்டுகளைக் கண்டெடுத்தவர் பள்ளியின் துப்புரவுப் பணியாளர். படத்தின் தொடக்கத்தில் ஒரு சின்னக் காட்சி வரும். ஆசிரியர் குளிர்பதனப் பெட்டியிலிருந்து கெட்டுப்போன உணவை எடுத்துக் குப்பைத்தொட்டியை நோக்கி எறிவார். அது குறி தவறிக் கீழே சிந்தும். அவர் கவனிக்காமல் போய்விடுவார். துப்புரவுப் பணியாளர் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் தடவை பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கமாட்டார்கள். அந்தப் பணியாளரை ஆசிரியர் ஒரு மனிதராகவே எண்ணியதில்லை. குப்பை தானாகப் போய்விடும் என்று நினைப்பவர் அவர். அதனால்தான் வாக்குச்சீட்டுகளையும் அங்கே போட்டார். ஆசிரியரின் வீழ்ச்சி தேர்தல் நாளில் தொடங்கவில்லை, அந்தச் சிந்திய உணவிலேயே தொடங்கிவிட்டது.

தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் பகுத்துச் சொல்கிறது. முகத்துக்கு நேரே பழிப்பது ஒன்று, பழியை மறைத்து வைத்துச் சொல்வது மற்றொன்று. 'ஹெதர்ஸ்' செம்பொருள் அங்கதம், பள்ளியை நேருக்கு நேர் ஏசுகிறது. 'எலெக்‌ஷன்' பழிகரப்பு. கதை சொல்பவர்களில் ஆசிரியரும் ஒருவர், பெரும்பாலும் அவர் பக்கம் நின்றே நாம் பார்க்கிறோம், டிரேசியைப் பார்த்து அவரோடு சேர்ந்து எரிச்சல்படுகிறோம். படம் முடிந்து வெகு நேரம் கழித்துத்தான் யார் பழிக்கப்பட்டார்கள் என்று விளங்குகிறது. அவரோடு சேர்ந்து எரிச்சல்பட்ட நாமும் அதில் அடக்கம்.

இதில் மிகக் கசப்பான பகுதி ஒன்று உண்டு. தேர்தலுக்கு முன்பு டேவ் நோவோட்னி என்ற இன்னோர் ஆசிரியர் டிரேசியைத் தன் ஆசைக்கு ஆளாக்கியிருக்கிறார். அவர் மெக்காலிஸ்டரின் நண்பர். வேலை போய்விடுகிறது. நண்பனின் வாழ்க்கை பாழானதற்கு டிரேசிதான் காரணம் என்பது மெக்காலிஸ்டரின் மனக்கணக்கு. 1999இல் படம் வந்தபோது பலர் இதை ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையாகப் பார்க்கவில்லை, கதையின் ஒரு வேடிக்கையாகவே கடந்துபோனார்கள். பேராசைக்காரப் பெண்ணுக்கு மறுபெயராக டிரேசி ஃபிளிக் என்ற பெயரைப் பத்திரிகைகள் பயன்படுத்தின. அரசியலுக்கு வந்த பெண்களை அந்தப் பெயரால் குத்தினார்கள். 2017க்குப் பிறகு பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததை வெளிப்படையாகப் பேசத் தொடங்கியபோதுதான் விமர்சகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரோட்டாவே 2022இல் 'டிரேசி ஃபிளிக் கான்ட் வின்' என்ற தொடர்ச்சி நாவலை எழுதினார். அதில் டிரேசி நாற்பதுகளில் இருக்கிறாள், ஒரு பள்ளியின் துணை முதல்வர். பதினைந்து வயதில் தனக்கு நடந்தது என்ன என்று இப்போதுதான் நேராகப் பார்க்கத் தொடங்குகிறாள். படத்தில் எல்லாமே அன்றைக்கே இருந்தது. பார்க்கும் கண்ணுக்குத்தான் இருபது ஆண்டுகள் ஆயின.

இந்தப் படத்தின் முடிவும் மாறியதுதான். முதலில் எடுத்த முடிவில் வேலையிழந்த ஆசிரியர் கார் விற்பனை நிலையத்தில் இருக்க, டிரேசி அவரைத் தேடி வருவாள், இருவருக்கும் இடையே ஒரு சமாதானம் பிறக்கும். இப்போதுள்ள முடிவு வேறு. அவர் நியூயார்க்கில் ஓர் அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லும் வேலைக்குப் போய்விடுகிறார். ஒரு கேள்வி கேட்கிறார். முன்வரிசையில் ஒரு சிறுமி சட்டென்று கையை உயர்த்துகிறாள். அவர் பார்வை அவளைத் தாண்டி மற்றவர்களைத் தேடுகிறது. 'ஹெதர்ஸ்' படத்துக்கு நேர்ந்ததற்கு மாறாக, இங்கே மாற்றிய முடிவுதான் உண்மையானது. மனிதர் வேலை இழந்தார், குடும்பம் இழந்தார், ஊரை விட்டே போனார். ஒரு பெண்பிள்ளை கையை உயர்த்தினால் அவருக்குள் எழும் அந்தக் கசப்பு மட்டும் கூடவே வந்துவிட்டது.

2004 ஏப்ரலில் 'மீன் கேர்ள்ஸ்' வந்தது. இயக்குநர் மார்க் வாட்டர்ஸ், 'ஹெதர்ஸ்' எழுதிய டேனியல் வாட்டர்ஸின் உடன்பிறந்தவர். எழுதியவர் டினா ஃபே. அடிப்படை நாவல் அல்ல, ரோசலிண்ட் வைஸ்மன் பெற்றோர்களுக்காக 2002இல் எழுதிய 'குவீன் பீஸ் அண்ட் வானபீஸ்' என்ற நூல். அதற்கு முன்பே உளவியலாளர்கள் இந்தப் பக்கம் கவனம் செலுத்தியிருந்தார்கள். பின்லாந்து ஆய்வாளர்கள் கண்ணுக்குத் தெரியாத வன்முறையைப் பற்றி எழுதியிருந்தார்கள். அமெரிக்காவில் நிக்கி கிரிக்கும் ஜெனிஃபர் குரோட்பீட்டரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, அடிதடி இல்லாமல் உறவைக் கொண்டே ஒருவரை நோகடிப்பதும் வன்முறைதான் என்று நிறுவியது. பேசாமல் ஒதுக்குவது, கோள் மூட்டுவது, நான் சொன்னபடி செய்யாவிட்டால் உன்னோடு சேரமாட்டேன் என்று மிரட்டுவது எல்லாம் அதில் வரும். புறங்கூறாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த மொழிக்காரர்கள் நாம், நமக்கு இது புதிதல்ல. ஆனால் பள்ளிகள் அடிதடியை மட்டுமே குற்றமாகப் பதிவு செய்துகொண்டிருந்த காலத்தில் இந்த ஆய்வுக்கு மதிப்பு அதிகம்.

படத்தில் இதைக் காட்டும் சிறந்த இடம் ஒரு தொலைபேசி உரையாடல். பள்ளியில் எல்லோரையும் ஆட்டிவைக்கும் ரெஜினா, தன் புதிய தோழி கேடியை அழைத்து, இன்னொரு தோழியான கிரெட்சனைப் பற்றி இனிமையாகப் பேச்சுக் கொடுக்கிறாள். கேடி மனதில் பட்டதைச் சொல்கிறாள். இணைப்பில் கிரெட்சன் ஏற்கெனவே சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ரெஜினா யாரோடும் சண்டை போடவில்லை, இரண்டு பேர் பிரிந்துவிட்டார்கள். ஒரு நிமிடக் காட்சிதான், ஒரு பாடநூல் அத்தியாயத்துக்குச் சமம். மூன்று பேரை ஒரே இணைப்பில் சேர்க்கும் வசதி அன்று வீட்டுத் தொலைபேசியில் இருந்தது. இன்று ஒரு பிள்ளை எழுதியனுப்பியதைப் படமெடுத்து நாற்பது பேருக்கு அனுப்ப ஒரு விரல் போதும்.

இந்தப் படம் உலகெங்கும் சுமார் பதிமூன்று கோடி டாலர் வசூலித்தது. அதன் வெற்றிக்கும் அதன் குறைக்கும் காரணம் ஒன்றே. அதில் பெரியவர்கள் நல்லவர்கள், அல்லது வெறும் வேடிக்கை மனிதர்கள். ரெஜினாவின் கும்பல் எல்லோரைப் பற்றியும் இழிவாக எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தின் பக்கங்கள் நகலெடுக்கப்பட்டுப் பள்ளி முழுக்க இறைக்கப்படுகின்றன, பெண்கள் அடித்துக்கொள்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் கணக்கு ஆசிரியை எல்லோரையும் மன்னிப்புக் கேட்கவைத்துச் சமாதானம் செய்கிறார். கடைசியில் நடன விழாவின் ராணியான கேடி தன் பிளாஸ்டிக் கிரீடத்தை உடைத்துத் துண்டுகளைப் பங்கிட்டுத் தருகிறாள். அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும். ஆனால் கிரீடத்தை வாங்கி மேசையில் வைத்தது பள்ளிதான் என்ற கேள்வியை அது தொடுவதில்லை. ஒரே இடத்தில் மட்டும் தொட்டுவிட்டுப் போகிறது. இவ்வளவு கலவரத்துக்குப் பிறகும் நடன விழாவை ரத்து செய்ய முதல்வர் மறுக்கிறார். இசை போடுபவருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்பது அவர் சொல்லும் காரணம்.

அதன் பிறகு வந்தவற்றில் 2022இல் வந்த 'டூ ரிவெஞ்ச்' ஓரளவு கவனிக்கத்தக்கது. 'குரூயல் இன்டென்ஷன்ஸ்' படத்தில் சூழ்ச்சிக்காரியாக நடித்த சாரா மிஷெல் கெல்லர் அதில் பள்ளித் தலைவியாக வருகிறார். அன்றைய சூழ்ச்சிக்காரியை இன்று பள்ளியின் தலைமை நாற்காலியில் உட்காரவைத்தது நல்ல யோசனை, ஆனால் படம் அதை வளர்க்கவில்லை. 'ஹெதர்ஸ்' கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்து 2018 மார்ச்சில் ஒளிபரப்ப இருந்தார்கள். பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லாந்தில் பள்ளித் துப்பாக்கிச் சூடு நடந்தது. தொடர் ஒத்திவைக்கப்பட்டு அக்டோபரில்தான் வந்தது. 1989இல் உணவுக்கூடத்தில் துப்பாக்கி நீட்டும் மாணவனை வைத்துச் சிரிப்பு மூட்ட முடிந்தது. சில நாள் இடைநீக்கத்தோடு அது முடிந்துவிடும் என்று மாணவிகள் பேசிக்கொள்வதையும் நையாண்டியாகக் கேட்க முடிந்தது. அந்த அலட்சியத்தின் விலையை அந்த நாடு பிறகு பலமுறை கொடுத்துவிட்டது.

இந்தப் படங்கள் பிள்ளைகளுக்குச் சூழ்ச்சியைக் கற்றுக்கொடுக்கின்றனவே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி, மழுப்ப விரும்பவில்லை. ஹெதர்களின் உடையும் ரெஜினாவின் நாவன்மையும் பார்ப்பவரை மயக்குகின்றன. படம் யாரைக் கண்டிக்கிறதோ அவர்களைப் போலவே உடுத்திக்கொண்டு பிள்ளைகள் கொண்டாடுகிறார்கள். அங்கதத்துக்கு எப்போதும் உள்ள ஆபத்து இது. ஆனால் மார்த்தாவின் தட்டில் கடிதம் வைக்க யாருக்கும் திரைப்படம் கற்றுத்தர வேண்டியதில்லை. அது எந்தப் பள்ளியிலும் நடப்பது. அந்தக் கடிதத்தைப் பார்த்தும் பாராமல் கடந்துபோன ஆசிரியர் யார் என்று கேட்கத்தான் திரைப்படம் தேவைப்பட்டது.

இந்த அரங்கில் ஆசிரியர்களும் ஆசிரியப் பயிற்சி மாணவர்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். 'எலெக்‌ஷன்' படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதற்கு முன் உங்களுக்குள் உட்கார்ந்து பாருங்கள். வயது வந்தோருக்கான படம் அது, ஆசிரியர் அறைக்குத்தான் பொருத்தம். பார்த்த பிறகு டிரேசியைப் பற்றி விவாதிக்காதீர்கள், மெக்காலிஸ்டரைப் பற்றிப் பேசுங்கள். நம் வகுப்பில் எந்தப் பிள்ளையின் கையை நாம் பார்க்காமல் விடுகிறோம், எந்தப் பிள்ளையை நம் வசதிக்காக இன்னொரு பிள்ளைக்கு எதிராக நிறுத்துகிறோம், வகுப்புத் தலைவன் என்ற பெயரில் யாரைக் கோள் சொல்லப் பழக்குகிறோம் என்று ஒருவரையொருவர் கேளுங்கள். மாணவர் தேர்தல் நடத்தினால் வாக்குகளை மாணவர்கள் முன்னிலையில் எண்ணுங்கள். ஒரு பிள்ளையின் துயரம் உங்கள் காதுக்கு வந்தால் அதைக் கூட்டத்தில் பேசிக் கண்ணீர் வரவழைக்காதீர்கள், அந்தப் பிள்ளையிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள்.